மூடி வச்ச மைக்

மடியில வச்சிருக்கிறது மைக் பெட்டிதானே சார்? மேல போட்டிருக்கிற படத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. ஸ்டாண்டுல மாட்டுறதா, வாத்தியத்துல கவ்வ விடுறதா? ஸ்டாண்டா! அப்ப தப்பிச்சீய. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிட்டுப் போறியளா? பேசுறதுக்கு எந்த மைக்கா இருந்தாலும் போதும் சார். ஊதுற வாத்தியத்துக்கு மைக் எடுக்கப் போய்க் குடும்பமே ரெண்டாப் போனது எங்க குடும்பம்தான். கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கிடுங்க, நான் சன்னல் ஓரம் இருந்துக்கிடுதேன். இந்த பஸ்ஸுல எனக்குக் காத்து வேணும்.

எம் பேரு கோமதிநாயகம். நாதஸ்வரம். தம்பி பேரு குத்தாலிங்கம். ரெண்டு பேரும் ஜோடியாத்தான் வாசிப்போம். இப்ப அவன் வீட்டுக்குத்தான் போறேன், சுரண்டைக்கு. வார இருபத்திரெண்டாந் தேதி எங்க ஊரு அம்மன் கோயில்ல வருசாபிசேகம். எங்க அய்யா காலத்துல இருந்து அங்கன வாசிக்கிற முறை எங்களுக்குத்தான். கமிட்டியில இந்த வருசம் ஒரே பேச்சாப் பேசிட்டானுவ. 'அண்ணனும் தம்பியும் சேந்து வந்தா வாங்க, இல்லைன்னா முறையை வேற பார்ட்டிக்கு மாத்தி எழுதிருவோம்'னுட்டானுவ. ஒரு தடவை மாத்தி எழுதுனா எழுதுனதுதான் சார், திரும்பி வராது. சொன்னவனை அங்கனயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். தலைவரு குறுக்க வந்துட்டாரு.

அடிக்கதுல எனக்குக் கை முந்திக்கிடும், பாத்துக்கிடுங்க. மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. எங்க அய்யா என்னை அடிச்சுத்தான் சொல்லிக் கொடுத்தாரு, நான் தம்பியை அடிச்சுத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு சுரம் தப்புனா விரல் முட்டியிலயே போடுவேன். ஒரு நா தவில் குச்சியால போட்டதுல சுண்டுவிரல் பிசகி ஒரு மாசம் கட்டுப் போட்டிருந்தான். இன்னைக்கும் அந்த விரல் லேசா வளைஞ்சுதான் இருக்கும். ஆனா வாசிப்பைக் கேட்டியன்னா அசந்துருவீய. அவ்வளவும் நான் அடிச்ச அடிதான் சார். ஒரு நாளாவது திருப்பிக் கை ஓங்கியிருக்கானா? கிடையாது. 'ஏண்ணே இப்படி அடிக்க'ன்னு கூட ஒரு வார்த்தை கேட்டதில்ல. மாட்டை அடிச்சாலாவது முறைச்சுப் பாக்கும்.

நாங்க வாசிச்ச காலமெல்லாம் ஒத்த மைக்குதான். நடுவுல ஸ்டாண்டு இருக்கும். இடுப்பு உசரம், ஒரு கை தள்ளி. மூத்தவன் நான், மைக்குக்கு நேரே நிப்பேன். அவன் அரையடி பின்னால நிப்பான். ஜோடி வாசிப்புல ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாது. ஒருத்தன் மூச்சு எடுக்கும்போது இன்னொருத்தன் சுரத்தை விடாமப் பிடிச்சுக்கிடணும். கேக்கவனுக்கு இடைவெளியே தெரியாது, ஒரே ஆளு விடாம ஊதுற மாதிரி இருக்கும். அதுல தம்பி கெட்டிக்காரன். நான் மூச்சுக்கு வாயை எடுக்கதுக்கு முன்னாலயே அவனுக்குத் தெரிஞ்சிரும். இவ்வளவு பக்கத்துல வந்து, 'நீ நில்லுண்ணே, நான் பிடிச்சுக்கிடுதேன்'ம்பான். ஒரு கச்சேரிக்குப் பத்துத் தடவை சொல்லுவான், இருபது தடவை சொல்லுவான். எனக்கு எரிச்சலாக் கூட வரும்.

இருங்க சார், ஒரு நிமிசம்.

ஒண்ணுமில்ல, தூசி. இந்த ரோட்டுல எந்நேரமும் தூசி. எனக்குக் கொஞ்சம் சளி உண்டு. ஏழு வருசமா இருக்கு. தென்காசியில ஒரு டாக்டர், சின்னப் பய, நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, 'இனிமே ஊதக் கூடாது'ன்னான். கழுத்துல கிடந்த குழாயோட சேத்துப் பிடிச்சுச் சொவத்துல சாத்திட்டேன். என்னையா ஊதக் கூடாதுங்க? குத்தாலிங்கம்தான் வந்து என் இடுப்பைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான்.

கதைக்கு வருதேன். போன ஐப்பசியில மலையடிவாரத்துல ஒரு பெரிய கோயில்ல கச்சேரி. ஊரும் பேரும் வேண்டாம். அங்கன செல்போன்ல லைவாப் போடுதோம், துபாய்ல இருந்தெல்லாம் பாப்பாங்க, அதனால ரெண்டு பேருக்கும் தனித்தனி மைக் இருந்தா நல்லாருக்கும்னு ஒரு பேச்சு வந்துச்சு. வந்தா போதாதா? எனக்கு எத்தனை வருசத்து ஆசை! பெரிய பெரிய வித்வானெல்லாம் அணசுல கிளிப் மைக்கைக் கவ்வ விட்டுக்கிட்டு ஜம்முனு நிக்கான், நாம மட்டும் கல்யாண வீட்டுல வாழ்த்துரை படிக்கிற மைக்குலயே ஊதிக்கிட்டுத் திரியுதோம். அணசுன்னா நாதஸ்வரத்தோட அடி வாய் சார், விரிஞ்சு இருக்கும்லா, அதான்.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா? 'வேண்டாம்ணே, நமக்கு ஒத்த மைக்கே போதும்'னான். ஏம்லேன்னேன். 'ரெண்டு பேரு சத்தமும் கலந்து வந்தாத்தான் அழகு'ன்னான். நான் விடல. அவனும் விடல. ஒரு நாளும் எனக்கு எதிர்ச்சொல் சொல்லாதவன், மூணு நாளா இதையே சொல்லிக்கிட்டு இருந்தான். அப்பத்தான் எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. என் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இத்தனை வருசம் பேரு வாங்கிட்டான், தனியா மைக் வச்சா இவன் வண்டவாளம் வெளிய வந்துரும், அதுக்குத்தான் பயப்படுதான். வேற என்ன காரணம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

மதுரைக்கு இழுத்துட்டுப் போனேன். கடைக்காரரு நல்ல மனுசன். நாலு மைக் எடுத்து வச்சாரு. 'அண்ணாச்சி, நாதஸ்வரத்துல சத்தம் அணசுல மட்டுமா வருது, விரல் ஓட்டையிலயும்லா வருது. மைக்கை அணசு வாயிலயே வச்சியன்னா, கீழ் சுரம் இடி மாதிரி வரும், மேல் சுரம் மெலிஞ்சு போகும். இந்தா, இது வளையுற கம்பி. அணசுல கவ்விக்கிட்டுத் தலையை மேல பாத்துத் திருப்பி விட்டுக்கிடலாம். ஓட்டைச் சத்தமும் வரும், அணசுச் சத்தமும் வரும்'னாரு. கையில வாங்கிப் பாத்தா குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிசு. எனக்கு மனசெல்லாம் பூத்துப் போச்சு.

தம்பி என்ன கேட்டான் தெரியுமா? 'அண்ணாச்சி, இதுல மூச்சு எரைக்கது கேக்குமா?'ன்னு கேட்டான். 'தும்முனா கேக்கும், முணுமுணுத்தாக் கேக்கும், எச்சில் முழுங்குனாக் கூடக் கேக்கும்'னாரு அவரு பெருமையா. உடனே இவன் மைக்கைக் கீழ வச்சுட்டான். 'அப்ப இது வேண்டாம்ணே. வா, போவோம்'னு என் கையைப் பிடிச்சு இழுக்கான். கடையில இருந்த அம்புட்டுப் பேரும் பாக்காங்க. விட்டேன் ஒண்ணு. காதோட சேத்து விழுந்துச்சு. கண்ணாடி அலமாரியில போய் முட்டி, கண்ணாடி கீறி நெத்தியில ரத்தம் வந்துட்டு. கடைக்காரரு பதறிப் போயிட்டாரு. இவன் துண்டை வச்சு நெத்தியை அமுக்கிக்கிட்டே, 'சரிண்ணே, உன் இஷ்டம். ரெண்டு எடுத்துக்கோ'ன்னான். அந்தா, அப்பவே ஒத்துக்கிட்டிருந்தா அடி எதுக்கு?

கச்சேரி அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கே போயிட்டோம். மைக்செட்டு பீர்முகமது. நம்ம பழக்கக்காரன்தான். மைக்கை எல்லாம் மாட்டி ஊதிப் பாத்துச் சரிபண்ணுனான். நான் வேட்டி மாத்த உள்ள போயிட்டு வாரேன், தம்பியும் பீர்முகமதும் ஒதுங்கி நின்னு குசுகுசுன்னு பேசுதாங்க. என்னைப் பாத்ததும் கலைஞ்சிட்டாங்க. நான் பெரிசா நினைக்கல.

மேடையில உக்காந்து ஆரம்பிச்சோம். சார், அந்த ஒரு மணி நேரம் இருக்கே, என் ஆயுசுல அப்படி வாசிச்சதில்ல. எங்களுக்கு எதிர்ல ஒரு சின்ன பாக்ஸ், நம்ம சத்தம் நமக்குக் கேக்கதுக்காக வச்சிருப்பான். அதுல என் நாதஸ்வரம் வருது பாருங்க, மழைத் தண்ணி மாதிரி வருது! ஒரு பிசிறு கிடையாது. நீளமா ஒரு சுரத்தைப் பிடிச்சா நிக்குது, நான் வாயை எடுத்த பொறவும் நிக்குது. அந்தக் கடைக்காரருக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டேன். மைக்குன்னா இது மைக்கு. ஜனம் தலையை ஆட்டுது. முன்வரிசையில ஒரு பெரிய மனுசன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்காரு. அரைக் கண்ணால தம்பியைப் பாத்தேன். கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி எந்திச்சு நிக்கு, வேர்த்து ஊத்துது, மொகம் செவந்து கிடக்கு. பாத்தியாலே, தனி மைக்குன்னதும் முக்கி முக்கி ஊதுதான், என்னை முந்தணும்னு பாக்கான்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

பொறவு தவிலுக்குத் தனி விட்டோம். தவில்காரங்க வாசிக்கும்போது எங்களுக்கு வேலை இல்ல. சும்மா இருக்கோமேன்னு மைக்குல நகத்தை வச்சு ஒரு தட்டுத் தட்டுனேன். சத்தமே வரல. இன்னும் பலமாத் தட்டுனேன். ம்ஹூம். பக்கத்துல தம்பி மைக்கைத் தட்டுனேன் பாருங்க, டொம்முனு கோயிலே அதிருது.

மேடையை விட்டு எறங்கிப் பீர்முகமதுக்கிட்டப் போனேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர்ல, மேலயும் கீழயும் தள்ளுற ரெண்டு பொத்தான் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு மேல ஏறி நிக்கு, ஒண்ணு அடியில கிடக்கு. அடியில கிடந்ததுக்கு நேரே என் பேரை ஒட்டி வச்சிருக்கான். 'ஏம்லே, எப்ப இருந்து?'ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'முதல்ல இருந்தே அண்ணாச்சி. தம்பிதான் மூடி வைக்கச் சொன்னாரு. வெளிய இருக்கிற பாக்ஸ்லயும் உங்க எதிர்ல இருக்கிற பாக்ஸ்லயும் தன்னோடதையே விடச் சொன்னாரு'ன்னான். சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் மூக்குல குத்திட்டேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மிக்ஸர் மேலயே கவுந்தான்.

பொறவு நடந்தது எனக்கே பாதிதான் ஞாபகம். மேடைக்கு ஏறுனேன். தம்பி அடுத்த உருப்படிக்குச் சீவாளியை, அதான் வாயில வச்சு ஊதுற நாணல் துண்டை, வாயில வச்சு எச்சில்ல ஊறப் போட்டுக்கிட்டு இருந்தான். அவன் நாதஸ்வரம் மடியில கிடந்துச்சு. எடுத்தேன். ஆச்சா மரம் சார், கல்லு மாதிரி இருக்கும். திருப்பிப் பிடிச்சு அணசுப் பக்கத்தால வாயில அடிச்சேன். ஒரு அடிதான். ஜனம் ரெண்டு மூணுன்னு சொல்லும், நம்பாதீய. வாயில இருந்த சீவாளி ஈறுக்குள்ள ஏறிட்டு. முன்பல்லு மூணு ஜமுக்காளத்துல விழுந்து உருளுது. மேலுதடு ரெண்டாக் கிழிஞ்சு தொங்குது. அவன் கத்தவே இல்ல. கையை ஏந்திக்கிட்டு, ஜமுக்காளத்துல ரத்தம் சிந்திறக் கூடாதேங்கிற மாதிரி உள்ளங்கையில பிடிக்கான். தவில்காரங்க எந்திச்சு ஓடிட்டாங்க. லைவு ஓடிக்கிட்டே இருக்கு.

எனக்கு வெறி அடங்கல. 'பீர்முகமது, இப்பத் தொறலே என் மைக்கை!'ன்னு கத்துனேன். அவன் பயத்துல தொறந்துட்டான். என் நாதஸ்வரத்தை எடுத்து, ஊரே கேக்கட்டும்னு ஊதுனேன்.

அந்த மைக் சரியில்ல சார்.

நான் ஊதுனது ஒண்ணு, பாக்ஸ்ல வந்தது ஒண்ணு. ஒரு சுரம் வரும், பொறவு புஸ்ஸுனு ஒரு இரைச்சல், பஞ்சர் ஆன டயரு மாதிரி. மறுபடி அரைச் சுரம், மறுபடி இரைச்சல். ஒரு வரியை நாலு துண்டாக் கடிச்சுக் கடிச்சுத் துப்புது. அஞ்சு நிமிசத்துக்கு முன்னால அமிர்தமா வந்த சத்தம் எங்க போச்சு? எதிர்ல எவனோ ஒரு இளவட்டம் கெக்கெக்கேன்னு சிரிச்சான். மேடையில இருந்து அப்படியே அவன் மேல குதிச்சேன். பொறவு ஊர்க்காரன் பத்துப் பேரு சேந்து என்னை மிதிச்சதுதான். விலா எலும்பு ரெண்டு முறிஞ்சிட்டு. இப்பவும் குனிஞ்சா வலிக்கும்.

ஆஸ்பத்திரியில எஸ்.ஐ. வந்து தம்பிக்கிட்டக் கேட்டாரு, எழுதித்தான் காட்டுனான், பேச முடியாதே. 'மேடைப் படியில தடுக்கி விழுந்துட்டேன்'னு எழுதுனான். எஸ்.ஐ. சிரிச்சாரு. 'யோவ், துபாய் வரைக்கும் பாத்திருக்கான்யா'ன்னாரு. மறுபடியும் அதையே எழுதுனான். பாத்தியளா? தப்பு தன் மேலங்கிறது அவனுக்கே தெரிஞ்சிருக்கு. இல்லைன்னா கேஸ் கொடுக்காம இருப்பானா?

அவன் பொஞ்சாதி ஆவுடையம்மா. இத்தனை வருசத்துல என் முன்னால நின்னு பேசுனவ இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல வந்து நிக்கா. 'அத்தான், ஏழு வருசமா உங்க மூச்சு காவாசி கூட இல்ல. நீங்க விட்ட எடத்தை எல்லாம் இந்த மனுசன்தான் தன் மூச்சால ஊதி அடைச்சாரு. கச்சேரி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுப்பாரு. ஒத்த மைக் இருந்த வரைக்கும் எது யாரு சத்தம்னு வெளிய தெரியல. நீங்க தனி மைக் வேணும்னு நின்னீய. ஊரு சிரிச்சா அண்ணன் தாங்க மாட்டாருன்னுதான் அதை மூடச் சொன்னாரு'ங்கா. கேட்டியளா? பொம்பளை பேசுற பேச்சா இது? ஆம்பளையா இருந்திருந்தா அங்கனயே பல்லைக் கழட்டியிருப்பேன். பதில் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சளி அடைச்சிட்டு.

பொறவு நான் தனியாப் போய் வாசிச்சுக் காட்டுனேன் சார், விடுவேனா! மூணு எடம். அந்தக் கிளிப் மைக்கைச் செங்கல்லால நசுக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்குனேன். அதுலயும் புஸ்ஸு. அதைக் குடுத்துட்டுக் கழுத்துல மாட்டுறது வாங்குனேன். அதுலயும் புஸ்ஸு. கடைசியா பழைய ஸ்டாண்டு மைக்கையே வச்சேன். அதுலயும் அதேதான். ஒரு கல்யாண வீட்டுல பொண்ணோட தாய்மாமன் வந்து, 'போதும்யா, சி.டி. போட்டுக்கிடுதோம்'னான். ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் காலுல போட்டேன். அதோட கச்சேரிக்குக் கூப்பிடுறது நின்னு போச்சு. இப்ப வார மைக்கு எல்லாமே மட்டம் சார். அந்த ஒரு மணி நேரம் கேட்டது மாதிரி எதுலயும் வரல.

அவன் பல்லா? வச்சாச்சு, கட்டுப் பல்லு. சோறு திங்கலாம். ஊத முடியாது. உதட்டுக்குப் பின்னால பல்லு முட்டுக் கொடுத்தாத்தான் சீவாளியில காத்து நிக்கும். உதட்டுலயும் தையல். ஆனா அதுக்கும் நான் யோசிச்சு வச்சிருக்கேன். அவன் ஊதவே வேண்டாம். சும்மா வாத்தியத்தை வாயில வச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னாப் போதும். கமிட்டிக்கு ரெண்டு ஆளு கணக்குத்தானே? ஊதாம நிக்கது என்ன பெரிய வித்தையா?

என்ன கேட்டீய?

இல்ல, திரும்பச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஊதாம நின்னா சத்தம் எங்க இருந்து வரும்னா கேட்டீய? எலே, யாருலே நீ? உனக்கு என்னலே தெரியும் என் மூச்சைப் பத்தி? மைக் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டா நீ பெரிய இவனா? விடுங்க, கண்டக்டர், விடுங்கன்னேன், இது எங்களுக்குள்ள...

இருங்க. மூச்சு வாங்கிக்கிடுதேன்.

சட்டைப் பொத்தான் பிஞ்சிட்டா? மன்னிச்சிருங்க சார். அடிக்க மாட்டேன். கை தானாப் போயிருது. உக்காருங்க, எந்திச்சுப் போயிராதீய. இந்த பஸ்ஸுல நான் இருமுறதைக் கேட்டு எல்லாரும் எந்திச்சுப் போயிட்டாங்க. நீங்க ஒரு ஆளுதான் இருந்தீய.

நீங்க கேட்டதைத்தான் நானும் மூணு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு அந்த பாக்ஸ்ல கேட்டது யாரு வாசிப்புன்னு எனக்குத் தெரியாதா சார்? தெரியும். எனக்குத்தான் முதல்ல தெரியும். நான் அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்த வாசிப்பு அது, எனக்குத் தெரியாமப் போகுமா? இனிமே அது யாருக்கும் கேக்காது.

சுரண்டை வந்துட்டு போலுக்கே. எறங்கணும். இதுக்கு முன்னால ரெண்டு தடவை வந்து தெரு முக்கோட திரும்பிட்டேன். இன்னைக்கு எப்படியும் கதவைத் தட்டிருவேன். அவன்தான் தொறப்பான். தொறந்துட்டு 'வாண்ணே'ம்பான். அந்தக் கிழிஞ்ச வாயை வச்சுக்கிட்டு, 'சாப்பிட்டியாண்ணே'ம்பான். அதை நினைச்சாத்தான் சார் கால் கூசுது. அவன் பிடரியில ஒண்ணு போட்டு வெளிய தள்ளுனான்னா எனக்கு உசுரு வந்துரும். வருசாபிசேகமும் வேண்டாம், முறையும் வேண்டாம், எவனும் வாங்கிட்டுப் போகட்டும். 'ஒரு அடி அடிலே'ன்னு கேக்கத்தான் போறேன்.

ஆனா அவனுக்கு அடிக்கத் தெரியாதே சார். அதை நான் சொல்லிக் கொடுக்கலையே.